கல்லூரிக் கதவைத் திற! முதியோரும் உள்ளே வரட்டும்!

"வாழ்நாள் முழுவதும் கற்போம்!" இது டில்லி சர்க்காரின் புதிய கோஷம். அதற்கு ஒரு திட்டம்; திட்டத்துக்கு 'உல்லாஸ்' என்று பெயர். வயது வந்தோர் கல்வி என்றால் பழைய வாடை அடிக்கிறதாம். ஆகவே 'அனைவருக்கும் கல்வி' என்று மாற்றிவிட்டார்கள். பெயர் மாறட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. பெயருக்குள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். 2022 முதல் 2027 வரை ஐந்து வருஷத்துக்கு இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 1,037.90 கோடி ரூபாய். மத்திய சர்க்காரின் பங்கும் மாநிலங்களின் பங்கும் சேர்ந்த தொகை இது. இந்தப் பணத்தில் 5 கோடிப் பேருக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கப் போவதாகச் சொன்னார்கள். வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சுமார் 208 ரூபாய்! ஒரு மனிதனை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர இந்தத் தேசத்தின் சர்க்கார் போட்ட விலை 208 ரூபாய். இதில் வாத்தியார் சம்பளம் எங்கே? வாத்தியாரே இல்லை. எல்லாம் தொண்டர்கள். கூலி இல்லாமல் வந்து சொல்லிக் கொடுப்பார்கள் என்பது ஏற்பாடு.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி 15 வயதைத் தாண்டியும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இந்தியாவில் 25 கோடிக்கு மேல். அதற்குப் பிறகு நடந்த திட்டங்களையெல்லாம் கழித்த பின்பும், 18 கோடிக்கு மேல் பாக்கி என்பது சர்க்கார் தானே சொன்ன மதிப்பீடு. 18 கோடியில் 5 கோடிக்குத்தான் குறி. அந்த 5 கோடியிலும் வரிசை உண்டு. முதலில் 15 முதல் 35 வயதுக்காரர்கள். அவர்களை முடித்த பிறகு 35-க்கு மேற்பட்டவர்கள். அறுபதும் எழுபதும் ஆனவர்கள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். எழுபது வயதுக்காரனைப் பார்த்து "நீ பிறகு வா" என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? "நீ வராதே" என்பதைத் தவிர வேறென்ன?

இதற்குப் பெயர் வாழ்நாள் கல்வியா? யாருடைய வாழ்நாள்?

வரிசையில் நிற்கும் தலைமுறை

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய காரணம் இருக்கிறது. கர்நாடக எல்லையில் ஜூஜூவாடி தொடங்கி ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரை புகைபோக்கிகளும் கொட்டகைகளும் நிற்கின்றன. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், மின்சார ஸ்கூட்டர், செல்போன் உறுப்புகள் எல்லாம் இங்கிருந்து போகின்றன. தொழில் வளர்ச்சிக்கு உதாரணம் என்று மந்திரிகள் மேடைக்கு மேடை இந்தப் பகுதியைத்தான் காட்டுகிறார்கள்.

அதே ஜில்லாவின் எழுத்தறிவு என்ன? 2011 கணக்கில் மாநில சராசரி 80 சதவீதம். கிருஷ்ணகிரி ஜில்லாவில் சுமார் 71 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்தால் சுமார் 64. அதாவது ஏழு வயதைத் தாண்டிய பெண்களில் நூற்றுக்கு 36 பேருக்கு எழுத்து தெரியாது. சிறுமிகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். அப்படியானால் அந்த 36 பேர் யார்? பெரும்பாலும் தாய்மார்கள், பாட்டிமார்கள். தளியிலும் அஞ்செட்டியிலும் கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்தவர்கள். கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்காய் சுமந்தவர்கள். கருங்கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள்.

இவர்கள் படிக்காமல் போனது விதியா? சோம்பேறித்தனமா? சரித்திரத்தைப் புரட்டுவோம்.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. அவர் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தபோது, 1953-இல், கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். நாடு கொதித்தது. 1954-இல் அவர் பதவி விலகினார். காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அன்று திட்டம் ஒழிந்தது, சரி. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் பள்ளிக்கூடமே எட்டாத குக்கிராமங்களில் பிறந்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? மாடு மேய்க்கப் போனார்கள்.

அந்த 1953-இல் 11 வயதாக இருந்த ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். 1978 அக்டோபர் 2-ஆம் தேதி தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரை என்று வரம்பு கட்டினார்கள். அவளுக்கு அப்போது 36. ஒரு வயது தாண்டிவிட்டது! 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. மறுபடியும் 15 முதல் 35 வரை என்றார்கள். அவளுக்கு 46. 2022-இல் உல்லாஸ் வந்தது. அவளுக்கு 80. "35 வயது வரை முதலில்" என்கிறார்கள். குழந்தையாக இருந்தபோது தொழில் பழகு என்றார்கள். வளர்ந்தபோது வயதாகிவிட்டது என்றார்கள். கிழவியானபோது கடைசியில் நில் என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது.

இது தற்செயல் அல்ல. உழைப்பு கறக்கக்கூடிய வயசுக்கு மட்டும் கல்வி கொடுப்பது என்ற கொள்கை இது. 15 முதல் 35 என்பது என்ன வயசு? ஆலை வாசலில் ஆள் எடுக்கும் வயசு!

கைநாட்டின் விலை

"வயசான காலத்தில் எழுத்து தெரியாவிட்டால் என்ன நஷ்டம்?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் உண்டு. நஷ்டம் என்னவென்று சொல்கிறோம்.

சிப்காட்டுக்கு நிலம் எடுக்க நோட்டீஸ் வருகிறது. அதில் சர்வே நம்பர் இருக்கிறது, ஏக்கர் இருக்கிறது, ஆட்சேபணை சொல்லத் தேதி இருக்கிறது. 2023-இல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள் நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடினார்கள். பட்டா பெரும்பாலும் யார் பேரில் இருக்கிறது? வீட்டுப் பெரியவர் பேரில். அந்தக் காகிதத்தைத் தானே படிக்கத் தெரியாதவர் புரோக்கர் படித்துக் காட்டியதைத்தான் நம்ப வேண்டும். கைநாட்டு ஒரு நிமிஷம். நிலம் மூன்று தலைமுறை.

பென்ஷனைப் பாருங்கள். தொழிலாளர் பென்ஷன் திட்டம் 1995-இல் வந்தது. 2014-இல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்த அற்பத் தொகைக்கும் வருஷா வருஷம் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி தர வேண்டும். இப்போது அதுவும் கம்ப்யூட்டரில், செல்போனில். ரேகை வைக்கச் சொல்கிறார்கள். கல் உடைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழுவதில்லை. ஓ.டி.பி. நம்பர் கேட்கிறார்கள்; அது எது, யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று எவனோ கேட்கிறான், பெரியவர் சொல்லிவிடுகிறார், ஆயுள் சேமிப்பு போய்விடுகிறது. மாநில சர்க்கார் முதியோர் உதவித் தொகையை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தியது. அந்த 1,200 எந்தத் தேதியில் கணக்கில் விழுந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்று பாஸ் புத்தகத்தைத் தானே பார்த்துச் சொல்லத் தெரிந்தால், இடைத்தரகனுக்கு அங்கே என்ன வேலை?

மருந்துச் சீட்டு, ரேஷன் செய்தி, கோர்ட்டு சம்மன், பஸ்ஸின் பலகை, இத்தனைக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்ப்பதா முதுமை? எழுத்து தெரியாத முதியவர் ஏமாற்றப்படுகிறார் என்பதோடு விஷயம் முடியவில்லை. ஏமாற்றப்பட்டதை நிரூபிக்கவும் அவரால் முடிவதில்லை. நஷ்டம் இதுதான்.

முதலாளியின் வாழ்நாள் கல்வி

இன்னொரு வாழ்நாள் கல்வியும் உண்டு. அது தொழிற்பேட்டையின் உள்ளே நடக்கிறது.

ஓசூரில் சிப்காட் 1970-களில் வந்தது. 1980-களில் பெரிய ஆலைகள் ஓட ஆரம்பித்தன. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று பெயர் பெற்ற கம்பெனிகள் இங்கே வேரூன்றின. அன்று இருபது வயதில் ஐ.டி.ஐ. முடித்து உள்ளே போனவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். லேத்தும் மில்லிங்கும் கையால் பழகி, பிறகு கம்ப்யூட்டர் இயந்திரம் பழகி, இந்த ஊரை ஊராக்கியவர்கள் அவர்கள். இப்போது பெட்ரோல் எஞ்சினிலிருந்து மின்சார மோட்டாருக்கு மாறுகிற காலம்.

இந்த மாற்றத்தைப் பற்றி முதலாளிமார் என்ன பேசுகிறார்கள்? "தொழிலாளி ஓயாமல் திறனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. யார் செலவில்? தொழிலாளி செலவில். எந்த நேரத்தில்? ஷிப்டு முடிந்து, களைத்து, வீட்டுக்குப் போகிற நேரத்தில். படிக்காவிட்டால்? "நீ பழசாகிவிட்டாய், போ!" இயந்திரத்தை மாற்ற முடிவு செய்பவன் முதலாளி, அந்த மாற்றத்துக்கு விலை கொடுப்பவன் ஐம்பது வயசுத் தொழிலாளி. இந்தத் தந்திரத்துக்கு வாழ்நாள் கல்வி என்ற அழகான பெயரைச் சூட்டினால் நாம் கை தட்ட வேண்டுமா?

வேறு வழி இருக்கிறது என்பதைச் சரித்திரம் சொல்கிறது. 1919 டிசம்பர் 26-இல் சோவியத் ரஷ்யாவில் எழுத்தறியாமையை ஒழிக்க ஒரு ஆணை வந்தது. 8 வயது முதல் 50 வயது வரை எல்லோரும் படிக்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. கூலிக்கு வேலை செய்பவர் படிக்கும் காலம் முழுவதும் தினம் இரண்டு மணி நேரம் வேலை குறைக்கப்படும்; கூலி குறையாது என்றும் சேர்த்துச் சொன்னது. உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் நடந்த வருஷம் அது. அந்த நிலைமையில் எழுதிய ஆணையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு "நிதி நெருக்கடி" என்று நம் ஊர் அதிகாரிகள் சொல்வதைக் கேளுங்கள்.

சோவியத் உதாரணம் கசந்தால் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பக்கம் போவோம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1974-இல் 140-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கல்வி விடுப்பு என்பதே அதன் விஷயம். தொழிற்பயிற்சிக்கு மட்டுமல்ல, பொதுக் கல்விக்கும், தொழிற்சங்கக் கல்விக்கும் விடுப்பு. இந்திய சர்க்கார் ஏற்று உறுதி செய்த உடன்படிக்கைகளின் பட்டியலில் 140-ஐத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

கல்லூரி எதற்கு இருக்கிறது?

இப்போது கல்லூரிக்கு வருவோம். கிருஷ்ணகிரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பர்கூரில் அரசு மகளிர் கல்லூரியும் அரசு பொறியியற் கல்லூரியும் இருக்கின்றன. ஓசூரில் அரசு கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகளோ பெங்களூர் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் மைல் கணக்கில் நிற்கின்றன. கலைக் கல்லூரிகளுக்குத் தலைமை, 1997-இல் சேலத்தில் அமைந்த பெரியார் சர்வகலாசாலை. வகுப்பறை, விளக்கு, கரும்பலகை, கம்ப்யூட்டர், லைப்ரரி, கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. அரசு கல்லூரி என்றால் அத்தனையும் ஜனங்களின் வரிப் பணத்தில் வந்தவை. உப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டிய பாட்டியின் காசும் அந்தச் செங்கல்லில் இருக்கிறது.

பட்டப் படிப்பில் சேர பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். ஆரம்பப் பள்ளியே கிடைக்காதவரிடம் பன்னிரண்டாம் வகுப்பு சர்டிபிகேட் கேட்பது நியாயந்தானா? அவருக்கு வேண்டியது பட்டமல்ல. மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு வகுப்பறையும் ஒரு வாத்தியாரும். அதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது?

ஒன்றும் நிற்கவில்லை. 1977-லேயே யு.ஜி.சி. ஒப்புக்கொண்ட கொள்கை இருக்கிறது. சர்வகலாசாலைக்குக் கடமை மூன்று: கற்பித்தல், ஆராய்ச்சி, சமுதாயத்துக்கு விரிவாக்கம். மூன்றாவது கடமைக்காகவே வயது வந்தோர் கல்வித் துறைகள் சர்வகலாசாலைகளில் ஏற்பட்டன. திருச்சி பாரதிதாசனிலும் காரைக்குடி அழகப்பாவிலும் அவை வாழ்நாள் கற்றல் துறை என்று பெயர் பெற்றன. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையிலும் இதற்கென்று 21-ஆம் அத்தியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடங்களை மாலையிலும் விடுமுறை நாளிலும் வயது வந்தோர் படிப்புக்குத் திறக்கலாம், உயர்கல்வி நிலையங்களிலும் மையங்கள் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கொள்கையில் நாம் எதிர்க்க வேண்டியவை ஏராளம். ஆனால் எழுதிய இந்த ஒன்றையாவது செய்யுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

செய்ததோ தலைகீழ். 2009-இல் வந்த சாட்சர் பாரத் திட்டத்தில் கிராமத்து மையங்களை நடத்தப் ப்ரேரக் என்று ஊழியர்கள் இருந்தார்கள். மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம். அதுவே கொத்தடிமைக் கூலி. 2018 மார்ச்சில் அந்தத் திட்டத்தையே மூடினார்கள். பிறகு வந்த உல்லாஸில் அந்த 2,000 ரூபாயும் போயிற்று. தொண்டு செய்ய முன்வரும் இளைஞர்களையும் ஆசிரியர்களையும் நாம் வணங்குகிறோம். அவர்கள் முதுகில் ஏறிக்கொண்டு சவாரி செய்யும் சர்க்காரைத்தான் கண்டிக்கிறோம். கலெக்டருக்குச் சம்பளம் உண்டு, விளம்பரக் கம்பெனிக்குப் பில் உண்டு, எழுத்து சொல்லிக் கொடுப்பவளுக்கு மட்டும் புண்ணியமா?

'நான் முதல்வன்' திட்டம் 2022-இல் வந்தது. மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தொழில் திறன் கொடுக்கிறார்கள். நல்லது, கொடுக்கட்டும். அந்த இளைஞனின் தாத்தா பாட்டிக்கு என்ன ஏற்பாடு?

முடியும் என்று காட்டிவிட்டார்கள்

"கிழவர்களுக்கு மூளையில் ஏறாது" என்று மேதாவிகள் சொல்வார்கள். பக்கத்து மாநிலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கேரளத்தில் 2018-இல் எழுத்தறிவு மிஷன் நடத்திய பரீட்சையில் ஆலப்புழை ஜில்லாவைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 100-க்கு 98 மார்க் வாங்கினார். அவருக்கு அப்போது வயது 96. மகாராஷ்டிரத்தில் தாணே ஜில்லாவில் பாங்கணே என்ற கிராமம். அங்கே 2016 மார்ச் 8-இல் பாட்டிமார்களுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. அறுபதும் எண்பதும் ஆன விவசாயப் பெண்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.

நம் மாநிலத்திலேயே புதுக்கோட்டை இருக்கிறது. 1991-இல் அறிவொளி இயக்கம் அங்கே பரவியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். அறிவியல் இயக்கத்தாரும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர் ஊராகப் போனார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள் பெண்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஊர்வலம் போனபோது புதுக்கோட்டை திரும்பிப் பார்த்தது. கல் குவாரியில் கூலிக்கு உடைத்த பெண்கள் குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். காண்டிராக்டர் எழுதுகிற கணக்கைப் படிக்கத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. கிருஷ்ணகிரியின் கருங்கல் குவாரிகளில் இது நடக்க வேண்டாம் என்று யாருக்கு ஆசை இருக்கும்? யோசித்துப் பாருங்கள், விடை தானே வரும்.

புதுக்கோட்டையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கலெக்டர் மாறினார், சர்க்காரின் ஆர்வம் குறைந்தது, இயக்கத்தின் வேகமும் தணிந்தது. ஒரு நல்ல அதிகாரியின் தயவில் நிற்கும் கல்வி அவர் மாற்றலாகும் நாளில் தள்ளாடுகிறது. அதனால்தான் கல்லூரி வேண்டும் என்கிறோம். முகாம் கலையும், கல்லூரி கலையாது. சம்பளம் வாங்கும் ஆசிரியரும் நிரந்தரக் கட்டிடமும் பட்ஜெட்டில் தனி வரியும் இருந்தால், அடுத்த கலெக்டர் யாராக இருந்தாலும் வகுப்பு நடக்கும்.

என்ன படிப்பது? யார் தீர்மானிப்பது?

அயல்நாடுகளில் முதியோர் கல்வி புதிதல்ல. பிரான்சில் தூலூஸ் சர்வகலாசாலை 1973-இல் ஓய்வு பெற்றவர்களுக்காக மூன்றாம் வயதின் சர்வகலாசாலையைத் தொடங்கியது. பிரிட்டனில் 1980-களின் ஆரம்பத்தில் கேம்பிரிட்ஜில் கிளம்பிய இயக்கம் வேறு முறையைக் கண்டது: முதியோரே முதியோருக்குக் கற்பிப்பது. இரண்டிலும் நாம் எடுத்துக்கொள்ள விஷயம் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் ஓய்வும் பென்ஷனும் ஓரளவு வசதியும் உள்ளவர்கள் வந்தார்கள். அதை அப்படியே பெயர்த்து இங்கே வைத்தால், பெங்களூர் வாசலில் குடியேறும் வசதிக்காரர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு யோகாவும் போட்டோ பிடிப்பும் சொல்லிக் கொடுக்கும் கிளப்பாகிவிடும். கூலிக்காரப் பெரியவர் கேட்டுக்கு வெளியே நிற்பார்.

பிரிட்டனின் தொழிலாளர் வேறொரு சரித்திரம் படைத்தார்கள். 1908-இல் ராச்டேல் நெசவாளர்களும் லாங்டன் மண்பாண்டத் தொழிலாளர்களும் மாலை வகுப்பு கேட்டார்கள்; ஆக்ஸ்போர்டின் ஆசிரியராக டானி அவர்கள் ஊருக்கே வந்து பொருளாதார சரித்திரம் நடத்தினார். அடுத்த வருஷமே ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரியின் தொழிலாளி மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்களுக்கு எது தேவையென்று நாங்கள் சொல்வோம் என்பதே அந்தச் சண்டையின் சாரம். நூறு வருஷம் கழித்தும் சண்டை அதேதான்.

நமது பகுதியில் என்ன கற்பிக்க வேண்டும்? எழுத்து, எண், பாஸ் புத்தகம், பட்டா, பென்ஷன் விதி, செல்போன். இவை முதல் படி. அதற்கு மேல் சட்டம், சரித்திரம், உடல்நலம், இலக்கியம். அறுபது வயதுக்காரருக்குக் கையெழுத்து மட்டும் போதும் என்று நினைப்பவர் அவரை மனிதராக மதிக்கவில்லை.

பாஷையையும் மறக்கக் கூடாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பெரியவர்கள் ஏராளம். கிருஷ்ணகிரியில் உருது பேசுவோர் உண்டு. பாட்டிக்கு முதல் எழுத்து அவள் பேசும் பாஷையில் வரட்டும். தாலுகா ஆபீசும் பஸ்ஸும் தமிழில் நடப்பதால் தமிழ் எழுத்தும் கூடவே வரட்டும். எல்லையில் வாழும் ஜனங்களுக்கு இரண்டு பாஷை பாரமல்ல. சந்தையில் தினமும் இரண்டையும் பேசுகிறார்கள்.

முதியோர் வெறுங்கையோடு வரமாட்டார்கள். எந்த ஏரிக்கு எந்தக் கால்வாய் தண்ணீர் கொண்டுவந்தது, எது தூர்ந்தது, எதன்மேல் கட்டிடம் எழுந்தது என்று அவர்களுக்குத் தெரியும். சாமையும் கேழ்வரகும் எந்த மழைக்கு விதைப்பது என்று தெரியும். சிப்காட்டில் முதல் சங்கம் கட்டிய கதை, கதவடைப்பு நாட்களின் கதை அவர்கள் வாயில் இருக்கிறது. இருபது வயது மாணவன் இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் படிப்பான்? ஒரே வளாகத்தில் பேரனும் தாத்தாவும் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் லாபம். இந்த அறிவு எழுதப்படாமலே சுடுகாட்டுக்குப் போக வேண்டுமா?

பணம் எங்கே?

கடைசியில் இந்தக் கேள்வி வரும். எப்போதும் வரும். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுக்கவும், சாலை போடவும், தண்ணீர் கொடுக்கவும், முதலாளிக்கு மானியம் கொடுக்கவும் பணம் இருக்கிறது. கட்டி முடித்த வகுப்பறையில் மாலை இரண்டு மணி நேரம் விளக்கு எரிய மட்டும் பணம் இல்லையா? கம்பெனிச் சட்டம் 2013-இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் வரும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஓசூர் ஆலைகளின் லாபத்தை உண்டாக்கிய கிழத் தொழிலாளியின் வகுப்பறைக்கு அதில் பங்கு கேட்பது பிச்சையல்ல, பாக்கி வசூல்!

நமது கோரிக்கை இவ்வளவுதான்:

ஒன்று: கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஒவ்வொரு அரசு கல்லூரியிலும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் முதியோர் வகுப்பு நடத்து! கட்டணம் கூடாது, சர்டிபிகேட் கேட்கக் கூடாது, மேல் வயது வரம்பு கூடாது.

இரண்டு: கற்பிப்போருக்கு முறையான சம்பளம் கொடு! படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் உள்ளூர் வாலிபர்களை, முக்கியமாகப் பெண்களை, இந்த வேலைக்கு நியமி!

மூன்று: ஐம்பது வயதைக் கடந்த ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் படிப்பு நேரம் கொடு! காண்டிராக்ட் தொழிலாளிக்கும் அது உண்டு. 140-ஆம் உடன்படிக்கையை ஏற்றுக்கொள்!

நான்கு: கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வர முதியோருக்கு இலவச பஸ் விடு! பஸ் போகாத மலைக் கிராமத்துக்கு வாத்தியாரை அனுப்பு!

ஐந்து: பாடத்தைத் தீர்மானிக்கும் கமிட்டியில் படிக்க வருவோரின் பிரதிநிதிகளைச் சேர்!

இவற்றில் எதற்கும் புதிய கட்டிடம் வேண்டாம், அயல்நாட்டு நிபுணர் வேண்டாம். பூட்டைத் திறக்கச் சாவி போதும். சாவி சர்க்காரின் கையில் இருக்கிறது.

சாவி தானாகத் திரும்பாது. தொழிற்சங்கங்கள் ஓய்வு பெற்ற உறுப்பினர்களின் பட்டியலை எடுக்கட்டும். விவசாயிகள் சங்கமும் மாதர் சங்கமும் வீடு வீடாகப் போய், படிக்க விரும்பும் பெரியவர்களின் பெயரை எழுதட்டும். மாணவர் சங்கம் அந்தப் பட்டியலோடு பிரின்சிபாலின் அறைக் கதவைத் தட்டட்டும். பெயர் எழுதத் தெரியாத பெரியவர்கள் அந்த மனுவில் ரேகை வைக்கட்டும். அவர்கள் வைக்கும் கடைசிக் கைநாட்டு அதுவாக இருக்கட்டும்!